கையும் கையெழுத்தும்: ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் நிபுணத்துவத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் தொழில் என்பது ஒரே சொல். வக்கீல் தொழில், வைத்தியத் தொழில் என்கிறோம். சலவைத் தொழில், செருப்புத் தைக்கும் தொழில் என்றும் சொல்கிறோம். முதலாளி தொழிலதிபர், அவரிடம் கூலிக்கு நிற்பவர் தொழிலாளி, இருவருக்கும் நடுவே ஓடுகிற எந்திரம் தொழில்நுட்பம். ஆங்கிலச் சமூகவியல் ‘ப்ரொஃபஷன்’ என்றும் ‘ஆக்குபேஷன்’ என்றும் ‘டிரேட்’ என்றும் மூன்று அறைகள் கட்டி வைத்திருப்பதை நம் மொழி ஒரே கூடமாக வைத்திருக்கிறது. இதைக் காட்டி, தமிழன் எல்லாத் தொழிலையும் சமமாக மதித்தான் என்று யாரும் பெருமை பேசக் கிளம்பிவிட வேண்டாம். சொல் பிரிக்காததைச் சாதி பிரித்துக்கொண்டிருந்தது. சொல்லுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

உயர்தொழில்களையும் நிபுணத்துவத்தையும் ஆராயும் துறை இன்று மேற்கில் தனித்த துறையாக வளர்ந்து நிற்கிறது. எலியட் ஃப்ரைட்சன் 1970இல் மருத்துவத் தொழிலைப் பற்றி எழுதிய நூல், மகாலி சர்ஃபாட்டி லார்சன் 1977இல் எழுதியது, ஆண்ட்ரூ அபட் 1988இல் எழுதியது என்று அதற்கொரு பாடநூல் வரிசையும் உண்டு. ஒரு கூட்டத்தார் ‘இந்த அறிவு எங்களுக்கே உரியது, எங்களைத் தவிர வேறெவரும் எங்கள் வேலையை மதிப்பிடக்கூடாது’ என்று அரசிடம் எப்படி உரிமை வாங்கினார்கள். அந்த உரிமையைச் சந்தையில் எப்படி ஏகபோகமாக்கினார்கள். பக்கத்துத் தொழில்காரனோடு எல்லைத் தகராறு எப்படி நடத்தினார்கள் என்பவை இந்நூல்களின் கேள்விகள். நல்ல கேள்விகள். பூக்கோவையும் கிராம்சியையும் வாசித்த நம்மவர்களுக்கு இவை அந்நியமும் அல்ல. இத்துறையில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு இடங்கள், பேச்சு வழக்கில் ‘போஸ்ட்-டாக்’, அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. மருத்துவர், வழக்கறிஞர், கணக்காயர், மேலாண்மை ஆலோசகர், இப்போது புதிதாகத் தரவு வல்லுநர் என்று யார் யாரை ஆராயலாம் என்பதற்கு அறிவிப்பிலேயே ஒரு பட்டியலும் வரும். அம்பத்தூரில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை வாசிக்கிறவனுக்கு ஒரு சந்தேகம் தட்டும். இந்தப் பட்டியலில் இடம்பெறும் தகுதியை நிபுணத்துவமா கொடுத்தது, அல்லது வேறு எதுவுமா?

இதற்கு விடை தேட நான் மேற்கத்திய நூல்களுக்குப் போகவில்லை. ஆவடிக்குத்தான் போனேன்.

*

வரலாற்றை 1953இலிருந்து தொடங்குவது சரியாக இருக்கும். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பது. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பது. பெரியார் இதைக் குலக்கல்வி என்றார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. எதிர்ப்பில் ராஜாஜி பதவி விலக நேர்ந்தது, காமராசர் முதலமைச்சரானார், 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. இதெல்லாம் நாம் அறிந்த கதை. நாம் அதிகம் பேசாதது, அந்தத் திட்டத்துக்குள் இருந்த அறிவுக்கோட்பாடு. தொழிலறிவு என்பது ரத்தத்தோடும் வீட்டோடும் வருவது; தச்சன் மகனுக்குத் தச்சு வரும், அதைப் பள்ளிக்கூடம் கெடுக்கக்கூடாது என்பது அதன் உட்பொருள். இது வெறும் பிற்போக்கு அல்ல. ஏட்டறிவுக்கு எதிராகக் கையறிவுக்கு மரியாதை கேட்பது போன்ற ஒரு தோற்றமும் அதில் இருந்தது. அதனால்தான் அது ஆபத்தானது. கையறிவைப் போற்றிக்கொண்டே கையுடையவனை அவன் தெருவிலேயே கட்டிப்போட முடியும் என்பதை அத்திட்டம் காட்டியது.

திட்டம் கைவிடப்பட்ட எட்டாவது மாதம், 1955 ஜனவரியில், ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. யு.என். தேபர் தலைமை. சத்தியமூர்த்தி நகர் என்று பந்தலுக்குப் பெயர். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. ஆவடி சோஷலிசம் என்று பிறகு கேலியும் செய்தார்கள், அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் தீர்மானம் காகிதத்தில் என்ன ஆனது என்பது ஒரு புறம் இருக்க, அதே மண்ணில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பம். அம்பத்தூரில் 1949இல் உருவான டி.ஐ. சைக்கிள்ஸ் பிரிட்டிஷ் கூட்டோடு ஏற்கெனவே சைக்கிள் செய்துகொண்டிருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1965இல் இங்கு உருவான முதல் விஜயந்தா டாங்கி. 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. கிண்டித் தொழிற்பேட்டை அதற்கு முன்பே 1958இல் வந்திருந்தது. தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் காலம்.

இந்தப் பட்டியலை எந்த அரசு மலரிலும் காணலாம். அரசு மலர் சொல்லாதது ஒன்று உண்டு. 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே நாடெங்கும் ஐ.டி.ஐ.க்கள் எழுந்தன. அங்கே டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட், வெல்டர் என்று தொழில்கள் பிரிக்கப்பட்டிருந்தன. எந்தத் தொழிலுக்கும் எந்தச் சாதியும் சொந்தமாக இல்லை. விவசாயக் கூலியின் மகன் டர்னராகலாம். சேரியிலிருந்து வந்தவன் ஃபிட்டராகலாம். கம்மாளர் வீட்டுப் பையன் குமாஸ்தாவாகலாம். குலக்கல்வி எதிர்ப்பின் உண்மையான வெற்றி பள்ளிக்கூடத்தில் எவ்வளவு நடந்ததோ அதே அளவு லேத்தின் முன்னாலும் நடந்தது என்பது என் கணிப்பு. இரும்பு வேலை ஆயிரம் வருடமாகக் கொல்லனுடையது என்றிருந்த ஊரில், தகப்பன் கலப்பை பிடித்த கை மைக்ரோமீட்டர் பிடித்தது. தொழில் முதன்முறையாகக் குலத்தைவிட்டு இறங்கிச் சான்றிதழில் ஏறியது. மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் இடஒதுக்கீடும் இருந்ததால், ஆவடி கேட்டுக்குள் போனவர்களில் அந்த வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

தொழிற்சாலைக்கு வரைபடம் வெளிநாட்டிலிருந்து வரலாம். கை வராது. இது நான் சொல்லும் ரொமாண்டிக் வாசகம் அல்ல. ஹாரி காலின்ஸ் என்கிற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1974இல் ஒரு வகை லேசர் கருவியைப் பிரிட்டிஷ் ஆய்வுக்கூடங்கள் எப்படிக் கட்டின என்று ஆராய்ந்தார். அச்சில் வந்த கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் அதைக் கட்ட முடியவில்லை. ஏற்கெனவே கட்டியவரோடு நேரில் பழகியவர்களுக்கே வேலை செய்தது என்பது அவர் கண்டது. பட்டம் பெற்ற இயற்பியலாளர்களுக்கே இந்தக் கதி என்றால் டாங்கியின் கதியைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் ஆவடியிலிருந்து வெளிவந்தன. 1971 போருக்கும் போயின. அவற்றைச் செய்த கைகளை இங்கேயே உருவாக்க வேண்டியிருந்தது.

*

இனி 1961க்கு வருகிறேன். ஒரே ஆண்டில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று வழக்கறிஞர்கள் சட்டம். இன்னொன்று தொழில் பழகுநர் சட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் இந்தியாவில் உயர்தொழில் என்றால் என்ன என்பதற்குப் பாடநூல் தேவையில்லை.

வழக்கறிஞர்கள் சட்டம் வழக்கறிஞர்களுக்கு ஒரு மன்றம் கொடுத்தது. அம்மன்றத்தின் உறுப்பினர்களை வழக்கறிஞர்களே தேர்ந்தெடுப்பார்கள். யார் வழக்கறிஞர் என்று அவர்களே பதிவு செய்வார்கள். தவறு செய்தவனை அவர்களே விசாரிப்பார்கள். பழகுநர் சட்டமும் பயிற்சி, கால அளவு, தேர்வு, சான்றிதழ் எல்லாவற்றையும் வரையறுத்தது. ஆனால் டர்னரைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்தில் டர்னர் இல்லை. அரசு அதிகாரியும் முதலாளியின் பிரதிநிதியும் கல்வியாளரும் இருந்தார்கள். ஒரு டர்னர் நல்ல டர்னரா என்று தீர்மானிக்கும் சட்டப்படியான உரிமை இன்னொரு டர்னருக்குக் கிடைக்கவில்லை. ஃப்ரைட்சன் சொல்கிற தன்னாட்சி என்பது இதுதான். ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது, மற்றொன்றுக்கு மறுக்கப்பட்டது. அறிவின் ஆழத்தை யாரும் அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வரவில்லை.

இதில் வேடிக்கை, பொறியாளர்களுக்கும் வழக்கறிஞர் மன்றம் போன்ற சட்டபூர்வமான மன்றம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. மருத்துவருக்கு உண்டு, செவிலியருக்கு 1947இலிருந்து உண்டு, கணக்காயருக்கு 1949இலிருந்து உண்டு, கட்டடக் கலைஞருக்கு 1972இலிருந்து உண்டு. பொறியாளருக்கு இல்லை. ஆனாலும் பொறியாளர் உயர்தொழிலர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆக, சட்டமும் இல்லாமல், மன்றமும் இல்லாமல் அந்தத் தகுதி எங்கிருந்தோ வருகிறது. 1973இல் பழகுநர் சட்டத்தைத் திருத்திப் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒரே சட்டம், இரண்டு பெயர்: ஒருவன் டிரேட் அப்ரண்டிஸ், மற்றவன் கிராஜுவேட் அப்ரண்டிஸ். ஒரே தொழிற்சாலைக்குள் ஒருவனுடைய கை பழகியது, மற்றவனுடைய கையெழுத்து பழகியது.

இந்தக் கோடு ஆவடியில் பிறந்ததல்ல. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பிறகு கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் பொறியாளர் வகுப்பு என்றும் அதற்குக் கீழான சார்நிலைப் பணியாளர் வகுப்பு என்றும் காலனியக் காலத்திலேயே பிரித்துவைத்திருந்தது. அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதைச் சென்னை ஐ.ஐ.டி. வரை கொண்டுவருகிறது. கைவேலையில் தலைமுறைகளாக இருந்த சாதிகளிடமிருந்து பொறியியல் எவ்வாறு பிரிந்து, கைவேலையே செய்யாத சாதிகளின் ‘தகுதி’யாக மாறியது என்பது அந்நூலின் மையம். 2014இல் வந்த ஃபுல்லர், ஹரிப்ரியா நரசிம்மன் இருவரின் தமிழ்ப் பிராமணர் குறித்த நூலும் இதே பாதையில் வேறு கோணத்திலிருந்து நடக்கிறது. இரண்டும் முக்கியமான நூல்கள். இரண்டும் மேலேறியவர்களைப் பற்றியவை. அப்படித்தான் இருக்க முடியும், அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அது. ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் பற்றி அதே கனத்தில் ஒரு நூல் வரவேண்டியிருக்கிறது.

கோட்டின் அந்தப் பக்கம் மட்டும் எப்படி ஆராயப்பட்டது என்பதற்கு இன்னொரு சான்று. 1964இல் மில்டன் சிங்கர் என்கிற சிகாகோ மானிடவியலாளர் சென்னைக்கு வந்து தொழில் தலைவர்கள் பத்தொன்பது பேரைப் பேட்டி கண்டார். இந்து மதம் தொழில் வளர்ச்சிக்குத் தடையா என்ற வெபரின் கேள்வி அவருக்கு. தடையில்லை, வீட்டில் ஆசாரம், ஆலையில் நவீனம் என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று 1972இல் புத்தகமாக எழுதினார். புகழ்பெற்ற ஆய்வு. அவர் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இந்தப் பக்கம் தொழிற்பேட்டை எழுந்துகொண்டிருந்தது. முதலாளியின் பூஜையறைக்கும் போர்டு ரூமுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்த ஆய்வில், போர்டு ரூமுக்கும் டூல் ரூமுக்கும் உள்ள தூரம் அளக்கப்படவில்லை.

டூல் ரூம் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக: மற்ற எந்திரங்கள் பொருளைச் செய்யும், அந்தப் பொருளைச் செய்வதற்கான அச்சு, டை, ஜிக் இவற்றைச் செய்கிற இடம் டூல் ரூம். ஒரு பட்டறையின் மூளை என்று சொன்னால் அது தவறில்லை. என் பெரியப்பா தொழிற்பேட்டையில் அப்படியொரு இடத்தில் முப்பது வருடம் நின்றார். லேத்தில் டூல் எப்போது மழுங்குகிறது என்பதை அவர் பார்த்துச் சொல்ல மாட்டார், சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். சுருள் நீலமாகி வந்தால் வேகத்தைக் குறைப்பார். வரைபடத்தில் ‘இப்படிச் செய்ய முடியாது’ என்று அவர் சொன்னால் டிராயிங் ஆபீசில் கோட்டை மாற்றுவார்கள். மாற்றிய வரைபடத்தில் கையெழுத்து பொறியாளருடையது. “நாம சொல்லுவோம், அவங்க எழுதுவாங்க. எழுதினதுதானே நிக்கும்” என்பார். புகாராகச் சொல்ல மாட்டார், மழை பெய்கிறது என்பது போலச் சொல்வார்.

1990களில் கணினி இயக்கும் எந்திரங்கள் அம்பத்தூருக்கு வந்தபோது அந்த அறிவில் ஒரு பகுதி புரோகிராமுக்குள் போனது. ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய அமெரிக்கக் கதைதான் இங்கும் என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். முழுக்க அப்படி இல்லை. பல சிறு பட்டறைகளில் புரோகிராம் எழுதியவர் பழைய டர்னராகவே இருந்தார்; சில இடங்களில் அவரே ஜாப் ஒர்க் எடுத்து இரண்டு எந்திரத்தோடு முதலாளியுமானார். யார் ஆனார், யார் ஆகவில்லை, அதில் சாதிக்கும் சொந்தக்காரனின் கடனுக்கும் என்ன பங்கு என்பது ஆராயப்பட வேண்டியது. பெண்களின் கதை இன்னும் மோசம். பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் தையல் எந்திரத்தில் உட்கார்ந்த பெண்கள் காலர் வைக்கும் வேகமும் துல்லியமும் எந்த டர்னருக்கும் குறைந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகளில் திறனற்ற, அரைத்திறனுள்ள, திறனுள்ள என்று வகைகள் இருந்தன. திறனற்ற தொழிலாளி என்ற பிரயோகத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்கலாம். ஒரு மனிதரைத் திறனே இல்லாதவர் என்று அரசிதழில் அச்சடிக்க முடிந்திருக்கிறது.

*

ஆவடியிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே போனால் திருவள்ளூர். தெற்கே திரும்பினால் பூந்தமல்லி. பொது சுகாதாரத் துறையின் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி நாட்டுக்கு முன்னோடியாக இருந்த மாகாணம் நம்முடையது. எந்திரத் தொழிலில் நான் பார்த்த கோடு மருத்துவத்திலும் இந்த வட்டாரத்தில் எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

மறுபடி ராஜாஜி. 1955இல், ஆவடி மாநாடு நடந்த அதே ஆண்டில், அவர் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிக்கு எதிராகப் பிரசாரம் செய்து துண்டு நூலும் வெளியிட்டார். அவருக்கு முன்பே 1940களின் இறுதியில் ஏ.வி. ராமன் என்கிற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் சென்னையிலிருந்து இதே எதிர்ப்பைக் கிளப்பியிருந்தார். மருத்துவர் அல்லாதவன் மருத்துவத்தைப் பற்றிப் பேசலாமா என்பதுதான் அன்று எழுந்த முதல் கேள்வி. குலத்தொழிலை மகன் தகப்பனிடம்தான் கற்கவேண்டும் என்ற ராஜாஜியே, நிபுணர் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானா என்றும் கேட்டார். இந்த முரணை வைத்து அவரை எளிதாகக் கேலி செய்யலாம். எனக்கு அது முரணாகவே படவில்லை. வீட்டறிவு, மரபறிவு, அரசு தலையிடாத அறிவு என்ற ஒரே நூல்தான் இரண்டிலும் ஓடுகிறது.

பி.சி.ஜி. பலன் தருகிறதா என்று தீர்மானிக்க உலகின் மிகப் பெரிய சோதனை நடந்தது எங்கே தெரியுமா? அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய கிராமங்களில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து 1968இல் தொடங்கின. 1971 வரை ஊசி போட்டார்கள். சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்த பரப்பு. 1979இல் முதல் அறிக்கை வந்தபோது உலகமே அதிர்ந்தது: ஏழரை ஆண்டுத் தொடர்கண்காணிப்பில், நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வேறுபாடு தென்படவில்லை. பதினைந்தாண்டு அறிக்கை 1999இல் வந்து அதையே உறுதிப்படுத்தியது. உடனே ராஜாஜி ஜெயித்தார் என்று எழுதினால் அது அரைகுறை வரலாறு. அவர் சொன்ன காரணங்கள் வேறு, சோதனை கண்டது வேறு. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது, பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுவது அதனால்தான்.

என் கவனம் வேறிடத்தில். மூன்றரை லட்சம் பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்தது யார்? முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டு, சில நாள் கழித்து அதே ஆளைக் களத்து மேட்டிலோ ஏரிக்கரையிலோ தேடிப் பிடித்து, தடிப்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் குறித்தது யார்? சளியைச் சேகரித்தது, எக்ஸ்ரே வண்டிக்கு ஆள் சேர்த்தது யார்? கள ஊழியர்கள். தடிப்பை அளப்பது அளவுகோல் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சிவப்பு வேறு, தடிப்பு வேறு; கண்ணுக்குத் தெரிவது சிவப்பு, விரலுக்குத் தெரிவதுதான் தடிப்பு. விரலால் தடவி எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் அளந்ததற்கும் இன்னொருவர் அளந்ததற்கும் வித்தியாசம் வரும். பத்து, பதினைந்து என்று முழு எண்ணாகக் குறித்துவிடும் பழக்கம் வரும். இவற்றைக் களைய மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பது இத்துறையில் வழக்கம். உலகத் தடுப்பூசிக் கொள்கை ஒரு கள ஊழியரின் விரல் நுனியில் நின்றது என்றால் மிகையல்ல. பெரியப்பாவின் காதுக்கும் அந்த விரலுக்கும் அதிக தூரமில்லை.

அறிக்கையில் அந்த விரலுக்குப் பெயர் இல்லை. இது இந்தியாவின் தனிக் குறையும் இல்லை. ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்று, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் காற்றுப் பம்பை இயக்கிய ஊழியர்கள் எப்படி எழுத்திலிருந்து மறைந்துபோனார்கள் என்று காட்டுகிறது. வேலைக்காரன் செய்தால் அது உழைப்பு, எஜமான் சொன்னால் அது அறிவு. பாயிலுக்கு வர்க்கம் போதுமாக இருந்தது. நமக்குச் சாதியும் சேர்ந்துகொண்டது. எந்த வீட்டுக்குள் எந்த ஊழியர் நுழையலாம், யார் கை யாருடைய முன்கையைத் தொடலாம் என்பது ஒரு தமிழ்க் கிராமத்தில் புள்ளியியல் வினா அல்ல. அது எப்படி கையாளப்பட்டது என்பதைக் கேட்டுப் பதிவு செய்தால், அறிவியல் வரலாறும் சாதி வரலாறும் ஒரே பக்கத்தில் வரும். ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப் பிரிவும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999இல் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமாயின. அம்பத்தூரை ஒட்டி அயப்பாக்கத்தில் அதன் வளாகம். எனவே, தேடுகிறவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2021இல் துணைநிலை மருத்துவப் பணிகளுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆய்வகத் தொழில்நுட்பரும் எக்ஸ்ரே தொழில்நுட்பரும் அதில் உயர்தொழிலர் என்றே அழைக்கப்படுகிறார்கள். கோடு நகர்கிறது, நகர்த்தவும் முடியும் என்பதற்கு அது சாட்சி. டர்னருக்கு அப்படி ஒன்று வரவில்லை. அதே 2021 அக்டோபர் முதல் தேதி படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. ஆவடித் தொழிற்சாலை கவச வாகன நிறுவனம் ஒன்றின் கீழ் போனது. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய விடாமல் முன்கூட்டியே ஒரு சட்டமும் போட்டுவைத்தார்கள்.

*

இவற்றையெல்லாம் தொகுத்து ஓர் ஆய்வுத் திட்டமாக எழுதி, முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்விடம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் வரை போனது. குழுவில் ஒருவர் மென்மையாகக் கேட்டார்: “டர்னர் எப்படிங்க ப்ரொஃபஷன் ஆவார்? இது லேபர் ஸ்டடீஸ். அந்தப் பக்கம் முயற்சி பண்ணலாமே.” நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, எங்கே போயிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி முட்டாள்தனமானது அல்ல. துறைகளின் எல்லை அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. மருத்துவரை ஆராய்ந்தால் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறோம். தொழிலாளியை ஆராய்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறோம். கூலி, சங்கம், போராட்டம்.

இதில் நம் இடதுசாரித் தோழர்களையும் விட்டுவிட முடியாது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, திரு.வி.க., 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம், அதைப் பிளந்த சாதி என எல்லாம் நமக்குத் தெரியும், எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த ஆலைக்குள் தறி ஓட்டியவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்தார் என்று கேட்டோமா? உழைப்புச் சக்தியை விற்பவராக மட்டுமே அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய அறிவு கண்ணில் படவில்லை. முதலாளி அவரைக் கை என்றார். நாமும் கை என்றோம், முஷ்டியை உயர்த்திக்கொண்டு.

ஐரோப்பியக் கைவினைஞனின் அறிவுக்கு இப்போது நல்ல காலம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமீலா ஸ்மித் 2014இல் தொடங்கிய திட்டம் பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றிலுள்ள செய்முறைகளை ஆய்வுக்கூடத்தில் மறுபடி செய்து பார்த்தது. உலோகம் வார்த்தல், சாயம், அச்சு. அருமையான வேலை, போஸ்ட்-டாக் இடங்களும் அதில் இருந்தன. செத்து நானூறு வருடமான வார்ப்புக்காரன் நிபுணன். நாலாவது தெருவில் உயிரோடு இருக்கிறவர் லேபர்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய ஆய்வுதவிகள் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் ராதாகிருஷ்ணன் பெயரில் இந்திய மொழிகளையும் உள்ளடக்கி 900 இடங்கள், மாதம் 50,000 ரூபாய் என்று அறிவித்தது. அடையாற்றில் 1971 முதல் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் ஆவடி டர்னர் பேசுவது தமிழில். அதுவும் தமிழும் பட்டறை ஆங்கிலமும் கலந்த ஒரு மொழியில். ‘டாலரன்ஸ் டைட்டா இருக்கு’, ‘ஜாப் ஆடுது’ என்பவற்றுக்கு அகராதி இல்லை. அந்த மொழிக்குள் பிறந்த ஆய்வாளர், ஐ.டி.ஐ. படித்தவரின் மகளோ மகனோ, முனைவர் பட்டம் முடிக்கும்போது வீட்டில் கடன் இருக்கும். இரண்டு வருட உதவித்தொகையை நம்பிக் கல்லூரியில் கிடைத்த தற்காலிக விரிவுரையாளர் வேலையை விடும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் அந்த இடத்தில் உட்காராமல் போவது இப்படித்தான். யாரும் தடுக்க வேண்டியதில்லை.

காலமும் இல்லை. 1965இல் இருபது வயதில் ஆவடி கேட்டுக்குள் போனவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. 1968இல் திருவள்ளூர்க் கிராமங்களில் நடந்த கள ஊழியருக்கும் ஏறக்குறைய அதே வயது. ஆய்விடம் கிடைக்கும்வரை காத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது. அதனால் மூன்று பேர் சேர்ந்து, காசில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். இந்த இதழின் வாசகர்களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் நிறைய இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ எழுதிய அப்ரண்டிஸ் நோட்டு, டூல் ரூம் குறிப்பு, களப்பணி டைரி எதுவாயினும் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இதழ் முகவரிக்கு ஒரு கார்டு எழுதுங்கள், வந்து பார்க்கிறோம். பக்கமெல்லாம் கிரீஸ் கறையாக இருந்தாலும் பரவாயில்லை.